கேள்வி நேரம்: பீக்கிங் போய் பெய்ஜிங் வந்த கதை

கே: தாத்தாவின் பழைய அட்லஸில் பீக்கிங், நான்கிங், சுங்கிங், டியென்ட்சின் என்று இருக்கிறது. இன்றைய படத்தில் ஒன்றும் அகப்படவில்லை. பழைய பெயரை வைத்துப் புதியதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எழுத்தை மாற்றினால் மட்டும் தப்பிப்போகும். சீன எழுத்தில் இந்த ஊர்ப் பெயர்கள் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது ஆங்கில எழுத்துக்கூட்டல். உங்கள் ஊரை வெள்ளைக்காரன் 'பாலம்கோட்டா' என்று எழுதினானே, அந்த மாதிரி. அட்லஸில் இருப்பது 1906-ல் ஷாங்காயில் கூடிய மாநாடு அஞ்சல் துறைக்காக முடிவு செய்தது. இன்றைய 'பின்யின்' முறையைச் சீனா 1958-ல் ஏற்றது. 1979 ஜனவரி முதல் வெளிநாட்டு மொழி வெளியீடுகளிலும் அதையே எழுதுகிறது.

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். 'சௌ' என்று முடிந்தால் இன்று 'ஜோ': ஹாங்சௌ ஹாங்ஜோ, ஃபூச்சௌ ஃபூஜோ. 'கிங்' என்றால் 'ஜிங்': பெய்ஜிங், நான்ஜிங். பழைய உச்சரிப்பில் இருந்த 'கி' வடக்கத்திப் பேச்சில் நாக்கு மேலண்ணத்துக்கு நகர்ந்து 'சி' பக்கம் வந்துவிட்டது. கன்னடத்துக் 'கிவி' நமக்குச் 'செவி' ஆகவில்லையா? அதே போக்கு.

சறுக்குவது சுங்கிங்கில். அதன் 'கிங்' வேறு சொல், மூச்சைத் தள்ளி ஒலிப்பது. ஆகவே இன்று அது ஆங்கில 'ஜே' அல்ல, 'கியூ' போட்டு எழுதும் சோங்சிங். மூச்சொலியைக் காட்ட முன்பு ஒரு மேற்குறி உண்டு. அஞ்சல் துறை அதை உதறிவிட்டது. அதனால்தான் 'டி', 'எஸ்' என்ற ஒரே எழுத்துச் சேர்க்கை டியென்ட்சின்னில் 'ஜே' ஆகி தியான்ஜின் என்றும், துறைமுகமான ட்சிங்டாவில் 'கியூ' ஆகி சிங்தாவ் என்றும் பிரிகிறது. எழுத்தைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. ஆற்றையும் கடலையும் வைத்து ஊரை உறுதி செய்யுங்கள்: சோங்சிங் என்றால் யாங்சியில் ஜியாலிங் ஆறு வந்து கலக்கும் இடம்.

தலைநகர் இருக்கும் இடத்தில் 'பெய்ப்பிங்' என்று அச்சாகியிருந்தால், அட்லஸ் 1928–49 காலத்தைக் காட்டுகிறது. 'ஜிங்' என்றால் தலைநகரம். தலைநகர் நான்ஜிங்குக்குப் போனதும் அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இது மட்டும் உண்மையான பெயர் மாற்றம்.

கே: கான்டன், அமோய், முக்டென் எல்லாம் எங்கே போயின?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

ப: இவற்றுக்கு விதி உதவாது, மனப்பாடம்தான். கான்டன் என்பது குவாங்தோங் மாகாணப் பெயர் போர்ச்சுக்கீசியர் வாயில் பட்ட பாடு, ஊர் குவாங்ஜோ. அமோய் உள்ளூர்ப் பேச்சு; இன்று ஷியாமென். முக்டென் மஞ்சு மொழிப் பெயர், இன்று ஷென்யாங்.

கே: மகன் மருத்துவம் படிக்கச் சீனா போகிறான். டிக்கெட்டில் பெய்ஜிங்குக்கு 'பி.இ.கே.' என்று இருக்கிறதே, சரியா?
– வாசகர், தூத்துக்குடி

ப: சரிதான், பீக்கிங்கின் மிச்சம் அது. குவாங்ஜோவுக்கும் இன்னும் 'சி.ஏ.என்.'தான். 'பி.கே.எக்ஸ்.' என்றிருந்தால் 2019-ல் திறந்த தாசிங் நிலையம். ஊரின் தென்கோடியில் இருக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியிருந்தால் இடைநேரம் தாராளமாக வேண்டும். கல்லூரிப் பெயரை அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே நிரப்புங்கள். பீக்கிங், ட்சிங்ஹுவா பல்கலைக்கழகங்கள் இன்னும் பழைய எழுத்தையே வைத்திருக்கின்றன, நாம் திருத்த வேண்டாம்.

பார்சல் முகவரியில் ஒரு கண்ணி உண்டு. ஷான்ஷி என்று அடுத்தடுத்து இரண்டு மாகாணங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஷிஆன் நகரம் இருப்பதற்கு முதல் அசையில் இரண்டு 'ஏ', தைய்யுவான் நகரம் இருப்பதற்கு ஒரே 'ஏ'. ஒரு எழுத்து விட்டால் பக்கத்து மாகாணம். ஆறு இலக்க அஞ்சல் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

கே: தமிழில் எப்படி எழுதுவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ப: பெய்ஜிங் என்பது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். காதுக்கு நெருக்கம் 'பெய்ச்சிங்'தான். அந்த 'ஜே' நம் 'பச்சை'யில் வரும் ச்ச. முதல் எழுத்தும் 'பல்'லில் வரும் ப. சரக்குப் பெயர்களை மட்டும் தொடாதீர்கள். பீர் இன்னும் ட்சிங்டாவ்தான். நம் நிலாவாரையும் மருந்துச் சந்தையில் இன்னும் 'டின்னவெல்லி சென்னா'தானே.