பெங்களூரு வந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு. மருந்துக்கடைக் கிரீம் பூசினால் போகிறது, விட்டால் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

முதலில் அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அரசு விதி. கடையில் கேட்டால் என்னவோ இன்றும் சிரித்தபடி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீமைத் தோல் மருத்துவர்களும் மங்குக்கு எழுதுவதுண்டு. ஆனால் இரவில் மட்டும், சில வாரங்களுக்கு, நடுவில் வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டு. என் ஓரகத்தி அதையே பவுடர் மாதிரி வருஷக்கணக்கில் பூசினார். தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது, பரு வந்தது, பூனைமுடி வளர்ந்தது. ஒருநாள் விட்டாலும் எரிச்சல். எரிகிறதே என்று மறுபடி அதையே பூசுவார். நீங்களும் ரொம்ப நாளாகப் போடுகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்த வேண்டாம். டியூபையே கையோடு கொண்டுபோய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படி ஆகாது என்றால் சிவாஜிநகர் பவுரிங் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

அடுத்தது வெயில். இந்த ஊர் நம்மை நன்றாக ஏமாற்றும். சென்னையில் வேர்த்துக் கொட்டும்போது நிழல் தேடுவோம். இங்கே ஜிலுஜிலு காற்றில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போவோம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேகம் அதை முழுசாகத் தடுக்காது, ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். கிரீமை விட்டதும் மங்கு திரும்பியதற்கு இதுதான் பெரிய காரணமாக இருக்கும். சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். என்ற காப்பு அளவு 30-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும்; கடுகளவு தொட்டுப் பொட்டு வைத்தால் போதாது. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், அந்த வெளிச்சத்தாலும் மங்கு கூடும். லேப்டாப் வெளிச்சத்துக்கென்று தனிக் கிரீம் விற்கிறார்களே, அந்தக் காசை இதில் போடுங்கள்.

மற்றபடி அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, வைட்டமின் சி கலந்த கிரீம்கள் எல்லாம் மெதுவாக உதவும். எனக்கு மங்கு வந்தது இரண்டாவது கர்ப்பத்தின்போது. அப்போது மருத்துவர் அனுமதித்தது அசெலாயிக் அமிலமும் சன்ஸ்கிரீனும்தான். ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன் இரண்டையும் தொடவே கூடாது என்றார். வித்தியாசம் தெரிய மாதங்கள் ஆயின, இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரியும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அதைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து, புதுசாகக் கறுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் மங்கு வரும். கழுத்தும் அக்குளும் தடித்துக் கறுத்திருந்தால் அது வேறு கதை, சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள்.