‘திறக்காத பீஸ், புது ஃபோம்’: எதை நம்புவது?

கேள்வி: மயிலாடுதுறை பக்கத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு எங்களுடையது. அப்பா சேர்த்த நாதஸ்வர இசைத்தட்டுகளைக் கேட்க, 1970களில் வந்த இங்கிலாந்து ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்க ஆசை. சென்னையில் ஒரு புரோக்கர் 38,000 ரூபாய் சொல்கிறார். ‘கம்பெனிக்குப் பிறகு யாரும் திறக்காத பீஸ், அல்நிகோ காந்தம், ஃபோம் புதுசு’ என்கிறார். 10,000 முன்பணம் போட்டால் பார்சல் அனுப்பிவிடுவாராம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அவர் வாயாலேயே அவர் மாட்டிக்கொண்டுவிட்டார். ஃபோம் மாற்ற வேண்டுமென்றால் திருகைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தாக வேண்டும். யாரும் திறக்காத பெட்டிக்குள் புது ஃபோம் எப்படிப் போனது?

காகிதக் கூம்பின் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் அசைய இடம் கொடுப்பது அதுதான். அது ஃபோமாக இருந்தால் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடும். பாடினாலும் சரி, பெட்டியில் பூட்டி வைத்தாலும் சரி, பத்து இருபது வருடத்தில் விரல் பட்டாலே பொடிப்பொடியாகக் கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் டப்பாவில் போட்ட அப்பளமே நமுத்துப்போகும் ஊர் நம்முடையது. எனவே ரப்பர் அல்லது துணி வளையம் உள்ளதைத் தேடுங்கள். பிபிசி 1970களில் தன் ஒலிபரப்பு வேலைக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியில் ரப்பர் வளையம்தான். அந்தக் காலத்து ஜோடிகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன.

ஃபோம் மாற்றியதைத் தொடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. சரியாக மாற்றியிருந்தால் வாங்கலாம். அந்த ‘சரியாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் ஒரே சமயத்தில், ஒரே அளவு வளையம் போட்டிருக்க வேண்டும். கூம்பின் ஓரத்தைக் கத்தரித்து வளையத்துக்குள் திணித்திருக்கக் கூடாது. முக்கியமாக, உள்ளே காந்தத்தின் இடுக்கில் ஓடும் கம்பிச்சுருள் நட்டநடுவில் நிற்க வேண்டும். இதைச் சோதிக்க, ஐந்து விரலையும் விரித்துக் கூம்பின் மேல் சமமாக வைத்து மெல்ல அழுத்திவிடுங்கள். சரசரவென்று உரசும் சத்தம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் எப்போது, யார் மாற்றியது என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, மறுபடி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றியிருந்தால் அந்த ஜோடி ஜோடியே இல்லை.

அல்நிகோ பேச்சை விட்டுத்தள்ளுங்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம் அது. 1970களின் கடைசியில் கோபால்ட் விலை ஏறியதும் பல கம்பெனிகள் ஃபெரைட் என்ற மலிவான காந்தத்துக்குப் போய்விட்டன. அந்தப் பெயரைச் சொன்னால் பத்தாயிரம் கூடக் கேட்கலாம் என்று புரோக்கர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். ‘இரண்டாயிரம் வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் இதே ஜாதி வியாபாரம். உங்கள் கூடத்துக்கு நல்ல முப்பது வாட் ஆம்பிளிஃபையர் போதும்.

இன்னொரு தந்திரம் மீட்டர். மல்டிமீட்டரைப் பின்பக்க முனையில் வைத்து, ‘பாருங்கள் சார், ஆறு ஓம் காட்டுகிறது, உயிரோடு இருக்கிறது’ என்பார். ஓம் என்பது மின்தடையின் அளவு. எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறு காட்டுவது சரிதான். ஆனால் அது பெரிய கூம்பின் கணக்கு. கீச்சுக்குரல் தரும் சின்ன ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் அதே ஆறுதான் காட்டும், நடுவில் இருக்கும் கெபாசிட்டர் மீட்டரின் மின்சாரத்தை அங்கே போகவிடாது. பாட்டைப் போட்டு, காதை ட்வீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும். ஐம்பது தாண்டியவரானால் பேரனையோ மருமகளையோ கூட அழைத்துப் போங்கள், நம் காது அந்தக் கீச்சுச் சத்தத்தில் பொய் சொல்லும்.

கேட்பதற்கு அவர் போடும் பாட்டு வேண்டாம், அடிக்குரல் தரும் பேஸைத் திருகி வைத்து மயக்குவார். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போனில் கொண்டுபோங்கள், தனி ஆவர்த்தனம் உள்ளதாக. தவிலின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், குச்சி விழுவது ‘தொம்’ என்று இறங்கி நின்றுவிட வேண்டும், குளத்தில் கல் போட்டதுபோல் பரவக் கூடாது. வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விரல்கூடு விழுவது தனித்தனியாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காமல் மங்கினால் பெரும்பாலும் உள்ளே எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். அது பெரிய செலவில்லை, எப்படியும் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

பார்சலைப் பற்றி நான் நிதானமாகப் பேச முடியாது. ஒருமுறை சென்னையிலிருந்து எனக்கு வந்த பெட்டியை எங்கேயோ கீழே போட்டிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் கீறல்கூட இல்லை. உள்ளே பசை விட்டுக் காந்தம் நகர்ந்து, கூம்பு அசையாமல் இறுகிவிட்டது. பார்சல் ஆபீஸில் கேட்டால் ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள்: ‘உடையும் பொருள், அனுப்புபவர் பொறுப்பு’. அனுப்பியவரோ ‘நான் நல்லபடியாகத்தானே கொடுத்தேன்’ என்றார். மூன்று மாதம் நடந்தேன், நான்கு படிவம் எழுதினேன், ஒரு பைசா வரவில்லை. பில் இல்லாத பழைய சாமானுக்கு இந்த நாட்டில் நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் ‘பில் எங்கே’ என்றுதான் கேட்பார்கள். ஆகவே காலை ரயிலில் போங்கள், கேளுங்கள், முன்பக்கத் துணியைக் கழற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு கார் பிடித்து, பின்சீட்டில் தலையணை வைத்து நீங்களே கொண்டுவாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் உட்சுவர்ப் பக்கமாக, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். முற்றத்தின் ஓரம் வேண்டாம், சாரலும் அடிக்கும், பேஸும் வானத்துக்குப் போய்விடும். தரையில் வைத்தால் கரையான் ஏறும், அந்தக் காலத்து மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதவும் செய்யும். நாற்காலியில் உட்கார்ந்தால் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வருகிற மர ஸ்டாண்டு செய்யச் சொல்லுங்கள். பெட்டியில் துளை இருந்தால் உள்பக்கமாக மெல்லிய கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். போன வருடம் பழுது என்று என்னிடம் வந்த பெட்டிக்குள் முழங்கை அளவுக்குக் குளவிக்கூடு இருந்தது.