ஆபீஸ் மெயிலும் ஆங்கிலமும்: கேட்டவர்களுக்குச் சொன்னவை

அடுத்தவர் எழுதிய மெயில், கடிதங்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று எழுதினேன், மேனேஜர் சிவப்பில் அடித்துவிட்டார். என்ன தப்பு?

'2019லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று சொல்லத் தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் போதாது, முன்பு தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். தொடங்கிய நாளைச் சொன்னால் சின்ஸ், எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார். 'சின்ஸ் மண்டே', 'ஃபார் த்ரீ டேஸ்'.

என்னிடம் வரும் தப்புகளில் நிறைய இந்த வகைதான், மனதில் தமிழ் வாக்கியம் ஓட, கை அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவிடுகிறது. சம்பளத்தைப் 'பற்றி' பேசினோம் என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட் சேலரி' என்கிறோம், ஆனால் டிஸ்கஸ் என்றாலே 'பற்றிப் பேசு' என்றுதான் அர்த்தம், அபவுட்டை வெட்டிவிடுங்கள். 'டிட் யூ வென்ட்' என்பதும் வேண்டாம், இறந்தகாலத்தை டிட் சுமந்துவிட்டது, பிறகு 'கோ' போதும். அப்புறம் 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்'. ஹேவ், நோ போல நிலையைச் சொல்லும் வினைகளோடு பொதுவாக 'இங்' ஒட்டாது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள், அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது செயல்.

'ப்ரிபோன்', 'டூ த நீட்ஃபுல்' எல்லாம் எழுதினால் சிரிப்பார்களாமே?

'ப்ரிபோன்', அதாவது குறித்த நாளுக்கு முன்னால் தள்ளி வைப்பது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் 'கேன் வீ மீட் ஆன் டியூஸ்டே இன்ஸ்டெட்' என்று கிழமையையே சொல்லிவிடுங்கள். 'டூ த நீட்ஃபுல்' எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு, என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை. படிப்பவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று தலையில் கட்டுகிற வேலை அது. 'ப்ளீஸ் அப்ரூவ் த இன்வாய்ஸ் பை ஃப்ரைடே' என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

'ஐ பாஸ்டு அவுட் இன் 2018' என்பதை மட்டும் வெளிநாட்டுக்குப் போகும் பயோடேட்டாவில் போடாதீர்கள். அங்கே மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' போடுங்கள்.

லீவ் லெட்டரில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' இன்னும் எழுதலாமா சகோதரி?

பள்ளியில் மனப்பாடம் செய்ததை விட மனசு வராது, தெரியும். அரசு அலுவலகத்தில் அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் அப்படியே கொடுங்கள், சண்டை எதற்கு. கம்பெனி மெயிலில் 'ஐ ஹேவ் எ ஃபீவர் அண்ட் வில் பீ ஆன் லீவ் டுடே அண்ட் டுமாரோ' போதும், அதோடு உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி. காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட மேனேஜருக்கு அதுதான் தேவை.

'ஓகே சார்....' என்று புள்ளி வைத்தால் என்ன?

முறைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கும். ஒரு புள்ளி போதும்.

தேதி, தொகை எழுதுவதில் கவனிக்க ஏதாவது உண்டா? ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கிறேன்.

நிச்சயமாக. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. சரக்கு ஒரு மாதம் தள்ளிப்போய் நிற்கும். மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். லட்சம், கோடியும் அங்கே புரியாது, 10 லட்சத்தை ஒரு மில்லியன் என்றும் ஒரு கோடியை 10 மில்லியன் என்றும் மாற்றுங்கள்.

ஏஐயிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினால் போதாதா?

எழுத்துப்பிழைக்குக் கொடுங்கள். திரும்பி வந்ததும் தொகை, தேதி, பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று தலையில் ஒரு வரி முளைத்திருக்கும், பிடுங்கி எறியுங்கள். சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் ஒட்டாதீர்கள்.

ஆங்கிலம் இருக்கட்டும் அக்கா, தமிழிலேயே ஒற்று எங்கே வரும் என்று தெரியவில்லை.

முழு இலக்கணம் இங்கே கொள்ளாது, அன்றாடத்துக்கு இவ்வளவு போதும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் யோசியுங்கள். முன்சொல்லில் 'ஐ' அல்லது 'கு' உருபு இருந்தால் ஒற்று வரும்: கடிதத்தைப் படித்தேன், அவருக்குக் கொடுத்தேன். 'அந்த', 'இந்த' வந்தாலும் உண்டு: அந்தப் பையன். 'வரச் சொன்னார்', 'போகத் தெரியும்' இவற்றிலும் உண்டு. 'அது', 'இது', 'எது' வந்தால் கிடையாது: இது பெரியது, எது சரி. விளம்பரப் பலகைகளைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.