உப்பு விரும்பும் பாக்டீரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

மகள் மைக்ரோபயாலஜிதான் படிப்பேன் என்கிறாள், மனிதக் குடலில் உப்பு விரும்பும் ஒரு பாக்டீரியா இனத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்ததிலிருந்து இதே பேச்சு, இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லி யாரும் வேலை தரமாட்டார்கள். அதைத் தேடும்போது கைக்குப் பழகுகிற திறமைகளுக்குத்தான் வேலை.

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். இப்படிப்பட்ட கிருமிகளைத் தேடும் ஆய்வாளர்கள் அதைவிடப் பல மடங்கு உப்பு கலந்த ஊட்டக் கலவையில் மல மாதிரியைப் போட்டு (ஆமாம், மலம்தான், முகம் சுளிப்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது) நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பிரான்சின் மார்செய் நகரக் குழு இப்படி வளர்த்தே பல புதிய குடல் இனங்களைப் பிடித்தது. ஏதாவது முளைத்தால் மால்டி-டாஃப் கருவியில் அதன் புரத அடையாளத்தைப் பார்ப்பார்கள். தெரிந்த எதனோடும் பொருந்தவில்லையா, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிற, இனத்தை அடையாளம் காண உதவுகிற 16எஸ் மரபணுவை வாசிப்பார்கள். தெரிந்த இனங்களோடு ஒற்றுமை சுமார் 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய இனமாக இருக்கலாம் என்று சந்தேகம் வரும், அப்புறம் முழு மரபணுத் தொகுதியையும் வாசிப்பார்கள். கடைசியில் இரண்டு வெவ்வேறு நாடுகளின் கிருமிச் சேமிப்பகங்களில் மாதிரியை ஒப்படைத்தால்தான் பெயர் முறைப்படி செல்லும்.

அதே மால்டி-டாஃப் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் தினசரி ஓடுகிறது. உணவுப் பாதுகாப்பு, நொதி தயாரிப்பு நிறுவனங்களுக்கும் கிருமி வளர்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். சருமக் கிரீம்களில் சேர்க்கும் எக்டாயின் என்ற பொருளை ஹாலோமோனாஸ் என்ற உப்பு விரும்பியிடமிருந்துதான் எடுக்கிறார்கள், ஆக இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் சம்பளம் சுமார்தான். ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும், அதற்கு வீட்டில் பொறுமை வேண்டும்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தை விடுங்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகம், மரபணுத் தரவை அலசக் கணினி நிரலாக்கம் சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். வளர்க்கவும் தெரிந்து தரவையும் அலசத் தெரிந்தவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.

விண்ணப்பிப்பதற்கு முன் புதிய இனத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை அவள் முழுதாகப் படிக்கட்டும். எத்தனை சதவீத உப்பில் வளர்ந்தது, எந்தச் சர்க்கரையைப் பயன்படுத்தியது, என்னென்ன கொழுப்பு அமிலங்கள் என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். அது சலிக்கவில்லை என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள், சலித்தால் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பைப் பாருங்கள், அதில் படித்து முடித்ததுமே வேலைக்குப் போகலாம்.