உறுமல், இரைச்சல், கரகரப்பு: ஆம்ப்ளிஃபையர் கேள்வி-பதில்

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஐ.சி.யைக் குறை சொல்லியே பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கோளாறு ஒயரில் இருக்கிறது.

12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர், டி.டி.ஏ 2030 (ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.) போர்டு இரண்டு, 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. வால்யூமைக் குறைத்து வைத்தாலும் 'ஹம்' வருகிறது. 10,000 மைக்ரோஃபாரட் போட்டேன், இன்னும் கூடிவிட்டது. ஏன் சார்?

கூடியதுதான் துப்பு. பாட்டு ஓடாத நேரத்தில் ஒரு 2030 சுமார் 40 மில்லிஆம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் 80. பிரிட்ஜுக்குப் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நான்கு டயோடுகள்) பிறகு ரிப்பிள், அதாவது டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 100 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தை 100-ஆலும் கெப்பாசிட்டர் மதிப்பாலும் வகுத்தால் ரிப்பிள் வோல்டேஜ் கிடைக்கும்: 2200-க்கு 0.36 வோல்ட்தான். அதை ஐ.சி.யே பெருமளவு தடுத்துவிடும். ஆகவே கெப்பாசிட்டர் போதாமல் வந்த ஹம் அல்ல இது.

டயோடுகள் எப்போதும் கடத்துவதில்லை. ஏ.சி. அலையின் உச்சியில் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து, சராசரியைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைத் துடிப்பாகக் கெப்பாசிட்டருக்குள் தள்ளுகின்றன. கெப்பாசிட்டர் பெரிதானால் துடிப்பு இன்னும் கூர்மையாகும். அது இரண்டு கெப்பாசிட்டரும் சென்டர் டேப்பும் (ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர், 12-0-12-ல் உள்ள 0) சேரும் ஒயர் வழியாகத்தான் போயாக வேண்டும். 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயர் 20 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 17 மில்லிஓம். அதில் 5 ஆம்பியர் துடிப்பு போனால் 85 மில்லிவோல்ட். உள்ளீட்டுக் கிரவுண்டை இந்த ஒயரில் எங்காவது தட்டி எடுத்திருந்தால், அதில் நூறில் ஒரு பங்கு உள்ளே போனாலும் போதும். 22 கிலோஓம், 680 ஓம் போட்ட போர்டின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 33. ஸ்பீக்கரில் 28 மில்லிவோல்ட் நிற்கும். இரவில் அடுத்த அறையிலிருந்தே கேட்கலாம்.

முதலில் போர்டின் உள்ளீட்டில், இடது வலது இரண்டிலும், சிக்னல் முனையையும் கிரவுண்டையும் ஷார்ட் செய்யுங்கள். ஹம் நின்றால் கோளாறு வெளியே, அதாவது வால்யூம், ஷீல்டு ஒயர், பாட்டு வரும் செட். நிற்கவில்லையென்றால் கிரவுண்டைப் பிரித்துக் கட்டுங்கள். இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் இடத்துக்குச் சென்டர் டேப் வரட்டும். அந்த இடத்தில் வேறெதையும் கட்டாதீர்கள். அங்கிருந்து தடித்த ஒயர் ஒன்று நாலைந்து செ.மீ. வெளியே எடுத்து, அதன் நுனியைப் பொதுப்புள்ளியாக்குங்கள். ஸ்பீக்கர் மைனஸ், போர்டுகளின் கிரவுண்டு எல்லாம் தனித்தனி ஒயராக அங்கே சேரட்டும். உள்ளீட்டுச் சாக்கெட்டின் கிரவுண்டு ஷீல்டு ஒயர் வழியாகப் போர்டுக்கு மட்டும் போனால் போதும். சாக்கெட் உடல் பெட்டியைத் தொடக் கூடாது.

இன்னொன்று. 2030-க்கு உச்ச வரம்பு பிளஸ் மைனஸ் 18 வோல்ட். 12-0-12 சுமையில்லாமல் 13.5 வரை காட்டும், வடிகட்டினால் 18-ஐத் தாண்டும். வீட்டு மின்சாரம் 250-க்கு ஏறும் ஊரில் சொல்லவே வேண்டாம். 22 வோல்ட் தாங்கும் 2030ஏ வாங்குங்கள், அல்லது 9-0-9 போடுங்கள்.

12 வோல்ட் அடாப்டரில் கிளாஸ்-டி (சிக்னலை வேகமான ஆன்-ஆஃப் துடிப்பாக்கிப் பெருக்கும்) போர்டும் புளூடூத் போர்டும் ஓடுகின்றன. பாட்டு இல்லாதபோது 'கீய்ய்' என்று ஒரு சத்தம். தனித்தனி அடாப்டர் கொடுத்தால் சத்தமே இல்லை.

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு போர்டுக்கும் கிரவுண்டு இரண்டு வழியாகச் சேர்கிறது. ஒன்று சப்ளை ஒயர், இன்னொன்று ஆடியோ ஒயரின் ஷீல்டு. புளூடூத் சிப் விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு ஆடியோ ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. அந்த மில்லிவோல்ட்டைத்தான் ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது. எத்தனை கெப்பாசிட்டர் போட்டாலும் இது போகாது.

பி0505எஸ் என்ற 1 வாட் தனிமைப்படுத்தும் கன்வெர்ட்டர் சின்னதாகக் கிடைக்கும். 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, இரண்டு பக்கக் கிரவுண்டுக்கும் தொடர்பில்லை. 12 வோல்ட்டை 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரில் இறக்கி இதற்குக் கொடுங்கள், வெளியீட்டை புளூடூத் போர்டின் 5 வோல்ட் முனைக்குக் கொடுங்கள். இரு பக்கமும் 10 மைக்ரோஃபாரட் வையுங்கள். இது 200 மில்லிஆம்பியர்தான் தரும். யு.எஸ்.பி. பென்டிரைவ், எல்.இ.டி. டிஸ்ப்ளே எல்லாம் சேர்ந்த போர்டுக்கு அது போதுமா என்று முதலில் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். கட்டி முடித்தபின் இரண்டு கிரவுண்டையும் இணைப்பது ஆடியோ ஒயரின் ஷீல்டு மட்டுமாக இருக்க வேண்டும். புளூடூத் போர்டைப் பெட்டியில் திருகும் இரும்பு ஸ்க்ரூ அந்த இணைப்பை மறுபடி உண்டாக்கிவிடும், பிளாஸ்டிக் தூண் போடுங்கள்.

டி.எல் 072-ஐ (சிறு சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) எடுத்துவிட்டு என்.இ 5532 போட்டேன். 'ஸ்ஸ்' இரைச்சல் கொஞ்சம்கூடக் குறையவில்லை. போலி ஐ.சி.யா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் அசல் போட்டிருந்தாலும் உங்களுக்கு இதே அனுபவம்தான். வால்யூம் கன்ட்ரோல் 100 கிலோஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் நடுநிலையில் ஐ.சி. பார்க்கும் மின்தடை 25 கிலோஓம். வெறும் ரெசிஸ்டரே வெப்பத்தால் இரைச்சல் உண்டாக்கும். 1 கிலோஓமுக்கு, ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு, 4 நானோவோல்ட். மின்தடையின் வர்க்கமூலப்படி இது ஏறும், எனவே 25 கிலோஓமுக்கு 20.

072-ன் சொந்த இரைச்சல் 18. இரைச்சல்களை வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: மொத்தம் 27. 5532-க்குச் சொந்த இரைச்சல் 5 மட்டுமே. ஆனால் அதன் உள்ளீட்டில் மின்னோட்ட இரைச்சலும் உண்டு, 0.7 பிக்கோஆம்பியர். 25 கிலோஓமில் அது 17.5 நானோவோல்ட் ஆகிவிடுகிறது. கூட்டினால் மறுபடி 27! காசு கொடுத்து மாற்றியதற்குப் பலன் பூஜ்யம்.

100 கிலோஓம் கன்ட்ரோலை 10 கிலோஓம் ஆக்குங்கள். நடுநிலையில் 2.5 கிலோஓம், அதன் இரைச்சல் 6.4. 5532-ன் மின்னோட்டப் பங்கு 1.75 ஆகச் சுருங்கும். மொத்தம் 8.3, ஏறக்குறைய 10 டெசிபெல் குறைவு. ஃபோன், டி.வி., சி.டி. எதுவும் 10 கிலோஓமைச் சிரமமின்றி ஓட்டும். முன்னால் வரும் இணைப்புக் கெப்பாசிட்டரை மட்டும் 0.22-லிருந்து 2.2 மைக்ரோஃபாரடுக்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் பேஸ் போய்விடும்.

அதே கண்ணோடு ஃபீட்பேக் ரெசிஸ்டர்களையும் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிக் கெயினை நிர்ணயிப்பவை) பாருங்கள். 100 கிலோஓமும் 10 கிலோஓமும் இருந்தால் இணையாக 9.1 கிலோஓம், 12 நானோவோல்ட். 10 கிலோஓமும் 1 கிலோஓமும் ஆக்கினால் 4-க்குக் கீழே. கெயின் மாறாது. கிரவுண்டுக்குப் போகும் ஃபீட்பேக் கெப்பாசிட்டரைப் பத்து மடங்காக்க மறக்காதீர்கள்.

வால்யூமைத் திருப்பும்போது வரும் 'கரகர' வேறு விஷயம். 5532-ன் உள்ளீட்டு மின்னோட்டம் கன்ட்ரோலின் நடுக்கால் வழியாக ஓடுகிறது. நடுக்காலுக்கும் ஐ.சி.க்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர், ஐ.சி. பக்கம் கிரவுண்டுக்கு 47 கிலோஓம். தீர்ந்தது.

இரைச்சலைக் குறைக்க 2030-ன் கெயினை 5 ஆக்கினேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் பாட்டே இல்லாமல் ஐ.சி. கொதிக்கிறது.

அலைகிறது. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆஸிலேட்டராகிவிட்டது. 2030-க்குக் கெயின் 24 டெசிபெலுக்குக் குறையக் கூடாது, அதாவது 16 மடங்கு. டி.டி.ஏ 7294-க்கும் அதே வரம்பு. எல்.எம் 3886-க்கு 10 மடங்கு. கெயின் அதிகமாகத் தெரிந்தால் உள்ளீட்டுக்கு முன் இரண்டு ரெசிஸ்டர் போட்டு சிக்னலைக் குறையுங்கள், மின்தடை மதிப்பைச் சிறிதாக வையுங்கள்.

கெயின் சரியாக இருந்தும் அலைந்தால் சப்ளைக் கால்களைப் பாருங்கள். 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஐ.சி. காலிலிருந்து 1 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வெளியீட்டில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் தொடராகக் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அந்த 1 ஓம் கருகியிருந்தால் அலைந்ததற்கு அதுவே சாட்சி. ஸ்பீக்கர் ஒயர் நீளமானால் வெளியீட்டில் தொடராக 0.7 மைக்ரோஹென்றி காயில் உதவும்: 1 மி.மீ. எனாமல் ஒயரை 10 மி.மீ. விட்டத்தில் 10 சுற்று, குறுக்கே 10 ஓம் 2 வாட்.

டிப் 142, டிப் 147 போட்ட ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர். சத்தமாக வைத்தால் அருமை. மெதுவாக வைத்தால் குரல் கரகரவென்று, தொண்டை கட்டியதுபோல் வருகிறது.

கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (சிக்னலின் வடிவம் கெடுவது). ஒரு ட்ரான்சிஸ்டர் விட்டு அடுத்தது பிடிக்கும் இடத்தில் இரண்டுமே தூங்குகின்றன. மலிவுப் போர்டுகளில் பயஸுக்கு (சிக்னல் இல்லாதபோதும் ட்ரான்சிஸ்டரைச் சற்று விழித்திருக்க வைக்கும் வோல்டேஜ்) 1என்4007 இரண்டு மட்டும் இருக்கும், 1.3 வோல்ட் கிடைக்கும். 142-ம் 147-ம் டார்லிங்டன் வகை (ஒன்றுக்குள் இரண்டு ட்ரான்சிஸ்டர்), இரண்டுக்கும் சேர்த்து 2.4 வோல்ட் வேண்டும்.

டயோடுகளை எடுத்துவிட்டு ஒரு பி.டி 139 போடுங்கள். கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 1.8 கிலோஓம். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 470 ஓமும் 1 கிலோஓம் ப்ரீசெட்டும் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்) தொடராக. ப்ரீசெட்டை இந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும். நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துவிடுங்கள். நாளை அதன் தொடர்பு விட்டுப்போனால் மின்தடை முழுதாகும், பயஸ் குறையும், ஒன்றும் எரியாது. மேல் பக்கம் வைத்திருந்தால் அதே கோளாறில் இரண்டு பவர் ட்ரான்சிஸ்டரும் போய்விடும். கலெக்டர், எமிட்டர் குறுக்கே 10 மைக்ரோஃபாரட். 139-ஐ மைக்கா வைத்துப் பவர் ட்ரான்சிஸ்டர் உள்ள ஹீட் சிங்கிலேயே திருகுங்கள். தனியே தொங்கவிட்டால் சூடு ஏற ஏற பவர் ட்ரான்சிஸ்டர்களின் மின்னோட்டம் ஏறி, அவை தம்மைத்தாமே எரித்துக்கொள்ளும்.

ப்ரீசெட்டை முழு மின்தடையில் வைத்து, மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். பிறகு பல்பை நீக்கி, ஸ்பீக்கரும் சிக்னலும் இல்லாமல், இரண்டு எமிட்டருக்கும் இடையே மில்லிவோல்ட் அளந்துகொண்டே மெல்லத் திருப்புங்கள். எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் என்றால் 45 மில்லிவோல்ட், அதாவது 100 மில்லிஆம்பியர். இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்த்துத் திருத்துங்கள். 'கூட வைத்தால் கிளாஸ்-ஏ மாதிரி இனிக்கும்' என்று சொல்வார்கள். இடைப்பட்ட அளவில் அப்படி ஆகாது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் பகுதியில் ஒரு கெயின், அதைத் தாண்டினால் வேறு கெயின் என்று டிஸ்டார்ஷன் திரும்பக் கூடத்தான் செய்யும்.

செட்டாப் பாக்ஸ் இணைத்தால் மட்டும் ஹம். ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போனால் பெட்டி முழுக்க 230 வோல்ட் வரும். கேபிள் ஒயரின் உறை தெருவில் எங்கோ எர்த் ஆகிறது, உங்கள் பெட்டி வீட்டில் எர்த் ஆகிறது. இடையே ஓடும் மின்னோட்டம்தான் ஹம். ஆடியோ ஒயரில் 1:1 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அல்லது பெட்டியை எர்த்திலேயே விட்டு, பொதுப்புள்ளியைப் பெட்டியோடு 10 ஓம் வழியாக இணைத்து, அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றையும் 100 நானோஃபாரடையும் வையுங்கள். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் கால்களை ஷார்ட் செய்து ஏ.சி. கால்கள் இரண்டையும் பயன்படுத்த வேண்டும்.

ஆடியோ கிரேடு கெப்பாசிட்டர் அவசியமா?

சாதாரண பாலியெஸ்டர் போதும். சிக்னல் வழியில் வைக்கக் கூடாதது எக்ஸ்7ஆர், ஒய்5வி வகை செராமிக். வோல்டேஜ் மாறினால் அவற்றின் மதிப்பே மாறும், அதுவே டிஸ்டார்ஷன். சிறிய மதிப்புக்கு என்.பி.ஓ. வாங்குங்கள். எலெக்ட்ரோலிட்டிக் போட்டே ஆக வேண்டிய இடத்தில் பெரிதாகப் போடுங்கள். ஃபீட்பேக்கில் 680 ஓமோடு 22 மைக்ரோஃபாரட் இருந்தால் 10.6 ஹெர்ட்ஸில் வெட்டும், பேஸ் ஓடும்போது அதன் குறுக்கே சிக்னல் நிற்கும். 100 ஆக்கினால் 2.3 ஹெர்ட்ஸ்.

ஆஸிலோஸ்கோப் இல்லாமல் டிஸ்டார்ஷன் அளக்க வழி உண்டா?

கம்ப்யூட்டர் சவுண்டு கார்டும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். முதலில் கார்டின் வெளியீட்டை உள்ளீட்டோடு நேராக இணைத்து, கார்டின் சொந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எதையும் இதனால் அளக்க முடியாது. பிறகு ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர், அதன் குறுக்கே 22 கிலோஓமும் 1 கிலோஓமும் தொடராக. 1 கிலோஓமின் குறுக்கே கார்டு. 20 வோல்ட் 0.87 ஆக வந்துசேரும்.

1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து வரைபடத்தைப் பாருங்கள். 50-ல் தனிக் கோடு நின்றால் எர்த் வளையமோ ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ. 100, 200, 300 என்று வரிசையாக நின்றால் முதல் கேள்வியில் சொன்ன துடிப்பு. 2 கிலோஹெர்ட்ஸ் மட்டும் உயர்ந்தால் உள்ளீட்டு ஜோடி சமமாக இல்லை. 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் நின்று, சத்தத்தைக் குறைத்தாலும் விகிதம் குறையாவிட்டால் பயஸ்.

பிறகு 6 கிலோஹெர்ட்ஸ் கொடுங்கள், 18-ல் மூன்றாவது ஹார்மோனிக் (கொடுத்த அதிர்வெண்ணின் மூன்று மடங்கு) தெரியும். அது மட்டும் மோசமாக இருந்தால், சப்ளை ஒயர்களைக் கையால் நகர்த்திப் பாருங்கள். அளவு ஏறி இறங்கினால் சர்க்யூட்டில் குறையில்லை. பிளஸ் ஒயரிலும் மைனஸ் ஒயரிலும் ஓடுவது பாதி அலைகள்தான், அவற்றின் காந்தப்புலம் உள்ளீட்டு ஒயரில் ஏறுகிறது. பிளஸ், மைனஸ், கிரவுண்டு மூன்றையும் ஒன்றாக முறுக்கி, உள்ளீட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

கிளாஸ்-டி போர்டுகளில் இந்தச் சவுண்டு கார்டு இணைப்பைச் செய்யாதீர்கள். பி.ஏ.எம் 8403 போன்றவற்றில் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டு அல்ல, அதுவும் சிக்னல்தான். கார்டின் கிரவுண்டை அதில் வைத்தால் வெளியீடு ஷார்ட் ஆகும்.