விமானப்போர் வரலாறு எழுதக் கிளம்பியவருக்கு: முதலில் ஒரு நாளுக்கு ஒரு தாள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுக்கு மேல் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா போருக்கு முன்பு சிலேத்தார் விமானத் தளத்தில் கூலி வேலை பார்த்தவராம், அவர் சொன்ன கதைகள் வீட்டில் இன்னும் ஓடுகின்றன. 1941 முதல் 1945 வரை இந்த வட்டாரத்து வானத்தில் நடந்த போரைத் தமிழில் மூன்று தொகுதிகளாக எழுத ஆசை. முதல் தொகுதி மலாயாவும் சிங்கப்பூரும், இரண்டாவது பர்மா, மூன்றாவது இலங்கையும் இந்தியக் கரையும். ‘எங்கே தொடங்குவது? யார் யாரைச் சுட்டார்கள் என்று எப்படி உறுதி செய்வது? லண்டன், தோக்கியோ என்று அலையாமல் இங்கிருந்தே முடியுமா? மூன்றையும் எழுதிவிட்டு ஒன்றாகப் போடுவதா, ஒவ்வொன்றாகவா?’ என்று கேட்டு, முதல் அத்தியாயத்தையும் இணைத்திருந்தார், நாற்பது பக்கம்.

அத்தியாயம் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று உங்கள் பக்கங்களை வைத்தே காட்டுகிறேன். சிங்கப்பூர்மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 விடியற்காலை 4.15 என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆறு பக்கம் தள்ளி 5.45 என்கிறீர்கள். இரண்டும் சரிதான்! முதலாவது மலாயா நேரம், இரண்டாவது தோக்கியோ நேரம். ஜப்பானியர்கள் எங்கே பறந்தாலும் கடிகாரத்தைத் தோக்கியோவுக்கே வைத்திருந்தார்கள், மலாயா அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது, ஆக வித்தியாசம் ஒன்றரை மணி. இதே கணக்கில் பேர்ல் துறைமுகத்தையும் பாருங்கள்: ஹவாயில் டிசம்பர் 7 காலை 7.48, நமக்கு 8ஆம் தேதி பின்னிரவு 1.48, தோக்கியோவில் 3.18. மலாயாவின் வடகிழக்கில் ஜப்பானியர் இறங்கிய கோத்தா பாரு கரையில் அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

சிரிக்காதீர்கள், நானும் இதில் விழுந்தவன்தான். என் பழைய வரைவு ஒன்றில் 1942 ஜனவரியில் ஒரே காலையில் ஒன்றரை மணி இடைவெளியில் இரண்டு தாக்குதல் நடந்ததாக எழுதி, இரண்டிலும் விழுந்த விமானங்களைத் தனித்தனியாகக் கூட்டி, அச்சுக்குப் போகும் முன்பு ஒரு நண்பர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது ஒரே தாக்குதல் என்று புரிந்தது. பர்மாவுக்குப் போனால் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால். இலங்கையில் 1942இல் மட்டும் இரண்டு முறை கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள்.

அதனால் எழுதுவதற்கு முன்பு ஒரு நாளுக்கு ஒரு தாள் போடுங்கள். கணினியில் விரிதாளாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூட நோட்டாக இருந்தாலும் சரி. இடது பக்கம் பிரிட்டிஷ் தரப்பு, வலது பக்கம் ஜப்பானியத் தரப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் எந்தத் தளத்திலிருந்து எத்தனை கிளம்பின, என்ன விமானம், யார் ஓட்டினார்கள், எப்போது ஏறி எப்போது இறங்கினார்கள் என்று போட்டுவிட்டு, கடைசியில் இரண்டே இரண்டு கட்டங்கள்: ‘சொன்னது’, ‘போனது’. எதிரியின் எத்தனை விமானத்தை வீழ்த்தினோம் என்று அவர்கள் சொன்னது ஒன்று, தங்கள் விமானத்தில் எத்தனை திரும்பவில்லை என்று அவர்களே பதிந்தது இன்னொன்று. இவர்கள் சொன்னதை அவர்கள் இழந்ததோடு ஒப்பிட வேண்டும். ஒரு தரப்பின் ‘சொன்னது’ கட்டத்தை மட்டும் வைத்து எழுதினால் அது வெறும் வீரக் கதையாகிவிடும்.

பொய் சொன்னார்கள் என்று அர்த்தம் இல்லை. மூன்று பேர் ஒரே குண்டுவீச்சு விமானத்தைச் சுடுகிறார்கள், அது புகை விட்டுக்கொண்டு மேகத்துக்குள் போகிறது, மூன்று பேரும் தளத்துக்கு வந்து ஆளுக்கு ஒன்று என்கிறார்கள். 1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தில், சொந்த மண்ணில், உடைந்த பாகங்களைப் போய் எண்ணிப் பார்க்கக்கூடிய இடத்தில், 185 வீழ்த்தினோம் என்று அறிவித்தார்கள். ஜெர்மானியர் இழந்தது சுமார் 60. மலாயாக் காட்டுக்கும் தென்சீனக் கடலுக்கும் மேலே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, தாளை நிரப்ப ஆவணம் எங்கே? இங்கே உட்கார்ந்தபடியே முக்கால்வாசி முடியும். பிரிட்டிஷ் விமானப்படையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும், அதாவது விமானப் பிரிவுக்கும், ஒரு நடவடிக்கை ஏடு உண்டு. படிவம் 540இல் அன்றைய சுருக்கம், படிவம் 541இல் ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் வரிசை எண், ஆட்களின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை ‘ஏர் 27’ என்ற வரிசையில் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் காலாங் விமானத் தளத்தில் இருந்த 243, 488 போன்ற பிரிவுகளின் காலத்து ஏடுகளில் பல சிங்கப்பூரோடும் ஜாவாவோடும் தொலைந்துவிட்டன. இப்போது கையில் இருப்பவற்றில் சில, தப்பிப் போனவர்கள் பின்னர் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியவை. எப்படிக் கண்டுபிடிப்பது? மொழியே காட்டிக்கொடுக்கும். ஜப்பானிய விமானங்களுக்கு ‘ஆஸ்கர்’, ‘நேட்’, ‘பெட்டி’ என்ற நேச நாட்டுப் பட்டப்பெயர்கள் 1942 நடுப்பகுதிக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தவை. 1941 டிசம்பர் குறிப்பில் ‘ஆஸ்கர்’ என்று இருந்தால் அந்த வரி அன்று எழுதப்பட்டது கிடையாது. தூக்கிப் போட வேண்டாம், தாளில் வேறு நிற மையில் எழுதுங்கள்.

விமானிகளின் சொந்தப் பதிவேடுகள் குடும்பங்களிடம் இருக்கின்றன, இரவுப் பறப்பு சிவப்பு மையில் இருக்கும். ஏட்டோடு ஒத்துப்போகாத இடத்தில் நான் பெரும்பாலும் பதிவேட்டைத்தான் நம்புவேன். அது அவரவர் சொந்தக் கணக்கு, சம்பளப் புத்தகம் மாதிரி. ஆஸ்திரேலியர்களின் 21, 453 ஸ்குவாட்ரன்களுக்கு அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளம் போதும். ஏ9186 வரிசையில் ஏடுகள், ஏ705 வரிசையில் ஒவ்வொரு விபத்துக்கும் மரணத்துக்கும் தனிக்கோப்பு, ஏராளமானவை வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கலாம். அந்த ஏ705 கோப்புகளில் மகன் எங்கே என்று அம்மாக்கள் எழுதிய கடிதங்களும் இருக்கும், ராத்திரி படிக்காதீர்கள்.

ஜப்பானியப் பக்கம்தான் எல்லோரும் பயப்படும் இடம். பயப்படும் அளவுக்கு இல்லை. தோக்கியோவின் ஆசிய வரலாற்று ஆவண மையம் 2001 முதல் இணையத்தில் இலவசமாக ஆவணங்களைத் தருகிறது. கடற்படை விமானப் பிரிவுகளின் ‘கோடோசோஷோ’, அதாவது ஒவ்வொரு பறப்புக்குமான கட்டம் போட்ட பதிவுத்தாள், அங்கே கிடைக்கும். முழு ஜப்பானிய மொழி வேண்டாம். எண்கள், மாதம், தேதி, அப்புறம் மூன்று சொற்கள் அடையாளம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்: ‘ஹிடான்’ என்றால் அடிபட்டது, ‘மிகிகான்’ என்றால் திரும்பவில்லை, ‘ஜிபாகு’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘தானே வெடித்தல்’. இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தற்கொலைத் தாக்குதல் என்று எழுதியவர்கள் உண்டு. சண்டையில் சுடப்பட்டு விழுந்த விமானத்துக்கே அவர்கள் அந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் எழுதுவார்கள், ‘ஷோவா 16’ என்றால் 1941. விமானப் பெயரிலும் ஆண்டு ஒளிந்திருக்கிறது. அவர்கள் பேரரசுக் கணக்கில் 1940 என்பது 2600, அந்த ஆண்டு வந்த போர்விமானம் ‘வகை 0’, நாம் சொல்லும் ஜீரோ. 1936இல் வந்த குண்டுவீச்சு விமானம் ‘வகை 96’, டிசம்பர் 8 அன்று நம் தலைக்கு மேல் வந்த 17 விமானங்களும் அதுதான். தரைப்படையின் விமானப் பிரிவு ஏடுகள் அதிகம் மிஞ்சவில்லை, 1945 ஆகஸ்டில் கட்டுக்கட்டாக எரித்துவிட்டார்கள். அங்கே 1966 முதல் 1980 வரை வெளிவந்த 102 தொகுதி அதிகாரபூர்வப் போர் வரலாற்றையும், பிரிவுகளில் உயிர் தப்பியவர்களின் நினைவுக் குறிப்புகளையும் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். இதற்கு மட்டும் ஜப்பானியம் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேருங்கள், நூலில் அவர் பெயரையும் போடுங்கள்.

உங்கள் அத்தியாயத்தில் எங்கு பார்த்தாலும் ஜீரோ. விமானக்காரரான நீங்களே இப்படி எழுதலாமா? மலாயாவில் பிரிட்டிஷ் விமானிகள் ஜீரோ என்று எழுதியவற்றில் நிறைய உண்மையில் தரைப்படையின் கி-43 ஹயபுசா. போர் தொடங்கியபோது அது 59, 64 என்ற இரண்டே பிரிவுகளிடம்தான் இருந்தது, 64க்குத் தலைவர் காத்தோ தாத்தேயோ. கடற்படையின் ஜீரோக்களும் இந்தோசீனாவில் ஒரு சிறு பிரிவாக இருந்தன, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது. துப்பாக்கியைப் பாருங்கள்: ஜீரோவின் இறக்கையில் 20 மி.மீ. பீரங்கி, ஹயபுசாவுக்கு மூக்கில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி, அவ்வளவுதான். திரும்பி வந்த பஃபலோ என்ற பிரிட்டிஷ் தரப்புப் போர்விமானத்தின் உடம்பில் என்ன அளவு ஓட்டை என்று தரைப் பணியாளர் யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரி ஒரு விமானியின் பக்கம் பக்கமான வர்ணனைக்குச் சமம். இதை மற்ற வரலாற்றாசிரியர்களைவிட நீங்கள் நன்றாகப் படிப்பீர்கள்.

தொகுதிப் பிரிப்பு. இதில் எனக்கு உங்களோடு உடன்பாடே இல்லை. நாடு வாரியாக வெட்டினால் சுமத்ராவும் ஜாவாவும் எங்கே? உங்கள் திட்டத்தில் இரண்டுக்கும் இடமே இல்லை. 258ஆம் ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜனவரி கடைசியில் ஹரிக்கேன் போர்விமானங்களோடு சிங்கப்பூர் வருகிறது, அங்கிருந்து சுமத்ராவின் பலெம்பாங், பிறகு ஜாவா, கிட்டத்தட்ட அழிந்துபோய், மிஞ்சியவர்கள் சிலரோடு மார்ச் இறுதியில் கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்தில் மறுபடி உருவாகி, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படைத் தளபதி நகுமோவின் விமானங்களோடு மோதுகிறது. உங்கள் ஏற்பாட்டில் முதல் தொகுதியில் செத்துப்போய் மூன்றாவது தொகுதியில் காரணமே சொல்லாமல் உயிரோடு வரும்! தேதியால் வெட்டுங்கள். சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 வரை ஒன்று. அதற்குப் பிறகு ஜாவா, ரங்கூன், கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காத்தோ வங்கக் கடலில் விழுந்த மே 22 வரை ஒன்று. மீதி எல்லாம் மூன்றாவது. அதில் 1944 நவம்பர் 5 அன்று இந்தியாவின் கரக்பூரிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறையை அடித்தது வரவேண்டும். நம் ஆட்கள் வேலை பார்த்த இடம், குண்டு போட்டது இந்த முறை நேச நாடு.

தாத்தாவின் கதைகள்? கட்டாயம் சேருங்கள், ஆனால் சரியான கட்டத்தில். கேனிங் ரைஸில் இருக்கும் நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் கேளுங்கள், தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ‘இருபத்தேழு விமானம் வரிசையாக வந்தது’ என்று திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்பது ஒன்பதாக மூன்று கூட்டம் சேர்த்துப் பறப்பது ஜப்பானிய வழக்கம், அதனால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் எண்ணிப் பார்க்காதவர்களும் பின்னாளில் இருபத்தேழு என்றுதான் சொன்னார்கள். தரையில் என்ன நடந்தது, எந்தத் தெரு எரிந்தது, பதுங்குகுழியில் எவ்வளவு தண்ணீர், கூலி வாங்க முடிந்ததா என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. விமானத்தின் பெயருக்கு மட்டும் இவர்களைக் கூண்டில் ஏற்றாதீர்கள். கல்லறை இல்லாத போர் வீரர்களுக்கான கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அங்கே போய்ப் பெயரைச் சரிபாருங்கள், ஆனால் காணாமல் போனவர்களுக்குப் பதிந்த இறந்த தேதி சில சமயம் அலுவலகம் அனுமானித்த தேதி.

வெளியீட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாள்கள் 1945 வரை முழுதாக முடிந்த பிறகு முதல் தொகுதியை எழுதுங்கள், ஆனால் முடிந்ததும் அதை மட்டும் போட்டுவிடுங்கள். மூன்றையும் பிடித்து வைத்திருந்தால் வயது ஓடிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது, முதல் தொகுதி வெளியே போன பிறகுதான் அலமாரியில் பதிவேடு வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் உங்களைத் தேடி வருவார்கள். இரண்டாம் தொகுதியின் பின்னால் இருபது பக்கம் முதல் தொகுதியின் திருத்தங்களுக்கென்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஐஎஸ்பிஎன் எண் தேசிய நூலக வாரியத்தில் இலவசம். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்று, முழு வரிசைக்கும் தனியாக ஒன்று வாங்குங்கள். அச்சான நூலில் இரண்டு பிரதி நான்கு வாரத்துக்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். முந்நூறு பிரதிக்கு மேல் முதலில் அச்சிட வேண்டாம், வீவக அடுக்குமாடி வீட்டில் பெட்டி அடுக்க இடம் ஏது. படங்களுக்கு, ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் எடுத்தவற்றுக்கும் பிரிட்டிஷ் அரசு 1957 ஜூனுக்கு முன் எடுத்தவற்றுக்கும் பதிப்புரிமை காலாவதி, நல்ல பிரதிக்கு மட்டும் கட்டணம் கேட்பார்கள். பெயர்களுக்கு இன்றைக்கே ஒரு பதிவு தொடங்குங்கள். தமிழில் க-வும் ஹ-வும் ஆளுக்கொரு மாதிரி எழுதி ஒரே விமானி மூன்று பேராகிவிடுவார், அடைவில் ரோமன் எழுத்திலும் ஒருமுறை கொடுத்தால் வாசகர் பிழைப்பார்.

இப்போதைக்கு டிசம்பர் 8க்கான தாளை மட்டும் முடித்து அனுப்புங்கள், இரண்டு பக்கமும் நிரப்பி, எல்லா நேரமும் மலாயா நேரத்தில். அதைப் பார்த்துவிட்டு அத்தியாயத்தைப் பற்றிப் பேசலாம்.