சுங்கை சிப்புட் பக்கத்துக் கேமரா கேள்விகள்

மலேசியாவில் எங்கள் பக்கத்தில் கல்யாண சீசன் வந்தால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். இந்த முறை வந்ததில் பாதி, "எந்த பாடி வாங்கலாம்?" என்பதுதான். பாடி என்றால் லென்ஸ் மாட்டாத கேமரா. என் பதில் பெரும்பாலும் ஒன்றேதான்: பாடியில் மிச்சம் பிடியுங்கள், லென்ஸில் பிடிக்காதீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்யாண வேலையில் இறங்கப் போகிறேன் அண்ணே, கையில் காசு அதிகமில்லை. புது மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) ஆரம்ப மாடல் வாங்கவா, பழைய நிக்கான் டி750 வாங்கவா?

டி750 வாங்குங்கள் தம்பி. 2014இல் வந்தது, வயசாகிவிட்டதுதான். ஆனால் பழைய ஃபிலிம் அளவுக்கே பெரிய முழு ஃப்ரேம் சென்சார், 24 மெகாபிக்சல், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு கார்டு போடலாம். ஆரம்ப மிரர்லெஸ் மாடல்களில் பெரும்பாலும் ஒரு கார்டுதான். தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரே கார்டு செத்துப்போனால், ஐயரை மறுபடி மந்திரம் சொல்லச் சொல்ல முடியாது.

வாங்குமுன் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அந்த பாடியில் எடுத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் எண் தெரிந்துவிடும். இந்த ஷட்டரை 150,000 தடவை ஓட்டிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. அதைத் தாண்டினால் உடனே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை, விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம். இந்த மாடலில் சில பாடிகளுக்கு ஷட்டர் கோளாறு இருந்து, நிக்கானே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. எனவே சர்வீஸ் ரசீது இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். மிச்சமாகும் காசில் நல்ல 24-70 எஃப்/2.8 ஜூம் லென்ஸ் ஒன்று தேடுங்கள், பழசானாலும் பரவாயில்லை.

45 மெகாபிக்சல் இருந்தால்தான் ஆல்பம் பளிச்சென்று வருமா?

வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தாலே 20 அங்குல அகலம் வரும். உங்கள் ஆல்பம் அதைவிடச் சின்னது.

அப்பாவின் 50 மி.மீ. லென்ஸை எடுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. வெயிலில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

நம் ஊரில் லென்ஸைக் கொல்வது கீழே விழுவது அல்ல, இந்தப் பூஞ்சைதான். முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். அப்பர்ச்சரை (வெளிச்சம் புகும் துவாரம்) முழுசாகத் திறந்துவிட்டு, பின்பக்கமிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, அதை மறந்துவிடுங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலைபோல இழை இழையாக ஓடினால் பூஞ்சை. அது உள்கண்ணாடியில் இருக்கும், வெளியில் எவ்வளவு துடைத்தாலும் எட்டாது.

வெயில் யோசனையை விட்டுவிடுங்கள். பூஞ்சை செத்தாலும் அது விட்ட கறை போகாது. சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகி அப்பர்ச்சர் இதழில் ஏறினால் அது வேறு தலைவலி. பூஞ்சை அமிலம் விடும். ஆரம்பத்திலேயே லென்ஸைப் பிரித்துத் துடைத்தால் கண்ணாடி தப்பிக்கும், விட்டுவைத்தால் மேல்பூச்சை அரித்துவிடும். ஈப்போ போனால் பிரித்துத் துடைத்துத் தருகிற கடை கிடைக்கும். ஆனால் சாதா 50 எஃப்/1.8 என்றால், துடைக்கும் கூலியையும் பழைய லென்ஸ் ஒன்றின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பாவின் லென்ஸ் என்பதற்காகத் துடைக்கிறீர்கள் என்றால் அந்தக் கணக்கே வேண்டாம்.

அப்புறம், எங்கே வைத்திருந்தீர்கள்? துணி அலமாரியில், தோல் உறையோடு என்றுதான் நினைக்கிறேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோட்டப்புறத்தில் மழை பெய்த இரவு அதற்கு மேலேயே நிற்கும். டிரை கேபினட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வாங்க முடிந்தால் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். அதற்கு மிகக் கீழே இறக்கினால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. முடியாவிட்டால் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நீல மணிகள் ரோஸ் நிறமானதும் வாணலியில் இலேசாகச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அரிசி போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் மாவுத்தூசி லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம்.

கோயில் மண்டபத்தில் சத்தம் வரக்கூடாது என்று சைலண்ட் ஷட்டரில் எடுத்தேன். படம் முழுக்கக் கறுப்புப் பட்டை.

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். சைலண்ட் ஷட்டரில் பெரும்பாலான சென்சார்கள் வரிவரியாக, மெதுவாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் விளக்கு ஏறி இறங்கிவிடுவதால் பட்டை விழுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு (திரை நிஜமாகவே ஓடும் ஷட்டர்) மாறி, 1/100 அல்லது 1/50 நொடியில் எடுங்கள். மேடையில் கட்டும் மலிவு அலங்கார விளக்குகள் இந்தக் கணக்குக்கும் அடங்காது. பெண் வருமுன்னே போய் ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மாமா கொடுத்த நிக்கான் 80-200 எஃப்/2.8டி லென்ஸ் என் டி5300இல் ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையிலும் டி750இலும் இருக்கிறது. நிக்கானின் மிரர்லெஸ் இசட் பாடிக்குத் தாவி, பழைய லென்ஸை மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் இந்த லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பி எடுக்கலாம். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 1987இல் வந்த இஎஃப் லென்ஸிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான்.

செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் ஜோடிப் படம் எடுத்தால் பெண்ணின் முகம் பச்சையாகத் தெரிகிறது. லென்ஸ் கோளாறா?

மேலே ஓலை, கீழே புல், வெளிச்சம் எல்லாமே பச்சையில் பட்டுத்தான் முகத்துக்கு வருகிறது. எந்த லென்ஸ் போட்டாலும் இதே கதைதான். ஒயிட் பேலன்ஸில் (கேமராவின் நிறச் சீரமைப்பு) மெஜந்தா, அதாவது ஊதாச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளலாம், ஆனால் பட்டுப்புடவையின் நிறமும் சேர்ந்து மாறும். நான் செய்வது: ஜோடிக்கு முன்னால், ஃப்ரேமுக்கு வெளியே, புல்லின்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுவேன். தாடைக்குக் கீழே அடிக்கும் பச்சை நின்றுவிடும், கண்ணிலும் வெளிச்சம் வரும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கேமரா முகத்தை இருட்டாக்கும். முகத்தின் வெளிச்சத்தை அளந்து வைத்து, ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத படமாக எடுங்கள்.

இடத்தை மாற்ற முடியுமானால் பால்மர (ரப்பர்) தோட்டத்துக்குப் போங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிரும்போது மேலே வானம் திறந்துகொள்ளும், உதிருமுன் இலையும் சிவந்திருக்கும்.

லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் வேண்டுமா?

தீமிதிக்கும் காவடிக்கும் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீர், விபூதி, பறக்கும் தணல் எல்லாம் ஃபில்டரோடு போகட்டும். தீபாராதனை நேரத்தில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சுடரின் நிழலுரு ஒன்று படத்தில் வேறெங்காவது தலைகீழாக மிதக்கும்.